மூன்று மில்லிமீற்றர் சுவர்

புத்தம் புதிய வீடொன்றுக்கு விருந்தினனாகச் சென்று, முதல் நாளிலேயே அதன் சுவரைப் பெயர்த்தெடுத்த பெருமை எத்தனை பேருக்கு வாய்த்திருக்கும் என்று தெரியவில்லை. எனக்கு அது கடந்த கோடையில் வாய்த்தது. கனடாவில், ரொறன்ரோவின் ஸ்காபரோப் பகுதியில் வாழும் என் அக்காவிடம் போயிருந்தபோது நடந்த கதை இது.

வீடு என்று நான் சொன்னது சக்கரம் பூட்டிய வீட்டை. பிக்கப் வாகனத்தின் பின்னால் கொழுவி இழுத்துச் செல்லும் பயண ட்ரெயிலர். நீளம் 24 அடி, அகலம் 8 அடி. உள்ளே கட்டில்கள், எரிவாயு அடுப்பு, குளிர்சாதனப் பெட்டி, சாப்பாட்டு மேசை, பின்பக்கத்தில் ஒரு சிறிய குளியலறை. அக்காவின் மகன் அதை வாங்கி ஒரு கிழமைகூட ஆகியிருக்கவில்லை. நகருக்கு வெளியே நண்பர் ஒருவரின் காணியில் நிறுத்தி வைத்திருந்தான். "வாங்கோ மாமா, எங்கடை புது வீட்டைப் பாருங்கோ" என்று பெருமையோடு அழைத்துச் சென்றான்.

குளியலறையைப் பார்க்க உள்ளே காலெடுத்து வைத்தபோது, தரையிலிருந்த சிறு தடுப்பில் கால் இடறியது. விழாமல் இருப்பதற்காக, துவாய் போடும் கம்பியைப் பிடித்தேன். நான் விழவில்லை. ஆனால் கம்பி என் கையோடு வந்துவிட்டது. அதனோடு இரண்டு திருகாணிகளும், உள்ளங்கை அகலத்தில் சுவரின் ஒரு துண்டும் வந்தன.

மருமகன் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. நானோ வெட்கத்தில் அந்தத் துளையையே பார்த்துக்கொண்டு நின்றேன். சுவரின் தடிப்பு எவ்வளவு என்று நினைக்கிறீர்கள்? மூன்று மில்லிமீற்றர். இரண்டு சதங்களை அடுக்கி வைத்தால் எவ்வளவு உயரம் வருமோ, ஏறக்குறைய அவ்வளவுதான். அதன் பின்னால் வெற்றிடம். வெற்றிடத்துக்கு அப்பால் மறுபக்கத்துப் பலகையின் முதுகு.

வேறொரு வீடாக இருந்தால் துளையை அடைத்துவிட்டுச் சிரித்திருப்போம். இங்கு அப்படி முடியவில்லை. அந்த ட்ரெயிலரை மருமகன் வாங்கியதே அவனுடைய தாய்க்காகத்தான்.

அக்காவுக்கு வயது 78. சென்ற குளிர்காலத்தில் அவர் தம் வீட்டுக் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். சத்திரசிகிச்சை நல்லபடியாக முடிந்தது. ஆனால் அதன் பின்னர் அவருடைய நடை மாறிவிட்டது. கதிரையின் முதுகு, மேசை விளிம்பு, கதவு நிலை என்று ஒரு பிடியிலிருந்து மறு பிடிக்குத் தாவித்தான் நடக்கிறார். வெளியூர் விடுதிகளில் தங்க அவருக்குப் பயம். அறிமுகமில்லாத குளியலறை என்றால் இன்னும் பயம். இந்த நிலையில்தான், அம்மாவுக்குப் பழக்கமான ஒரே கட்டிலும் ஒரே குளியலறையும் அவரோடு எங்கும் வரட்டும் என்று மகன் நினைத்தான். நல்ல எண்ணம். ஆனால் 54 கிலோ எடையுள்ள ஒரு மூதாட்டி தடுமாறும்போது பிடிக்கக்கூடிய சுவர் அந்த வண்டியில் இல்லை என்பதை, இரவல் துவாய்க் கம்பி ஒன்றினால் நான் நிரூபித்துவிட்டேன்.

அன்று இரவு மருமகன் கடதாசியும் பேனையுமாக உட்கார்ந்தான். உட்சுவர்கள் முழுவதையும் 12 மில்லிமீற்றர் தடிப்புள்ள ஒட்டுப்பலகையால், அதாவது பிளைவூட்டினால், மூடிவிடுவது அவனுடைய திட்டம். "எங்கை பிடிச்சாலும் தாங்க வேணும் மாமா" என்றான்.

பத்திரிகையாளனின் பழக்கதோஷம் என்னை விடவில்லை. ஒரு பொருளைத் திருத்துவதற்கு முன்னர், அதை ஏன் அப்படிச் செய்தார்கள் என்று அறிய வேண்டும். ஆகவே நானும் விசாரணையில் இறங்கினேன்.

அமெரிக்காவில் தயாராகும் இத்தகைய வாகனங்களில் பெரும்பகுதி இந்தியானா மாநிலத்தின் எல்க்கார்ட் வட்டாரத்திலிருந்து வருகிறது. அங்கு கட்டப்படும் ட்ரெயிலர்களின் வெளிச்சுவர்கள் பொதுவாக இரண்டு வகைப்படும். ஒன்று, மரச்சட்டங்களை நிறுத்தி, வெளியே நெளிந்த அலுமினியத் தகட்டையும் உள்ளே மெல்லிய பலகையையும் அறையும் பழைய முறை. மற்றையது, அலுமினியச் சட்டங்களுக்கு இடையில் கெட்டியான நுரைப்பாளங்களை நிரப்பி, வெளியே கண்ணாடியிழைத் தகடும் உள்ளே மெல்லிய பலகையும் வைத்துப் பசையால் ஒட்டி அழுத்தும் முறை. மருமகனின் வண்டி இரண்டாவது வகை. அதன் வெளிச்சுவரின் மொத்தத் தடிப்பு ஏறத்தாழ 5 சென்றிமீற்றர். உள்ளே இருக்கும் தடுப்புச் சுவர்கள் இன்னும் எளியவை. மெல்லிய மரச்சட்டங்களின் இருபுறமும் பலகை, நடுவில் வெற்றிடம். நான் பெயர்த்தது அத்தகைய ஒரு தடுப்புச் சுவரைத்தான்.

அந்த மெல்லிய பலகைக்கு அங்கு லவான் என்று பெயர். பிலிப்பைன்ஸ் நாட்டு மரவகை ஒன்றின் பெயர் அது. நமது சிங்கராஜ வனத்திலும் அந்தக் குடும்பத்து மரங்கள் ஓங்கி வளர்ந்து நிற்கின்றன. இழைத்து இழைத்து மூன்று மில்லிமீற்றருக்கு வந்த பின்னர் அதற்கு ஓங்குவதற்கு எதுவும் மீதியில்லை. மேலே பூப்போட்ட வினைல் தாளை ஒட்டிவிட்டால் பார்ப்பதற்கு மாத்திரம் சுவர்.

இதைக் கேட்டவுடன் ஏமாற்று வேலை என்று கொதிக்கத் தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் சற்று யோசித்தால் காரணம் விளங்குகிறது. இழுத்துச் செல்லப்படும் பொருளில் ஒவ்வொரு கிலோவுக்கும் விலை உண்டு. எரிபொருள், தடுப்புக் கருவிகள், ரயர்கள், மலையேற்றம் எல்லாவற்றிலும் அந்த விலை கட்டப்படுகிறது. வாலி பையம் என்பவர் ஆரம்பித்த எயார்ஸ்ட்ரீம் நிறுவனம் 1936 இல் வெளியிட்ட கிளிப்பர் ட்ரெயிலர், விமானம் கட்டுவதைப் போல அலுமினியத் தகடுகளைத் தறையாணிகளால் பொருத்திச் செய்யப்பட்டது. மெல்லிய தோலும் சட்டமும் சேர்ந்து பாரத்தைச் சுமக்கும் என்பதே அதன் தத்துவம். எங்கள் மருமகனின் வண்டியும் அதே பாதையில் வந்ததுதான். நுரைப்பாளத்தின் இருபுறமும் ஒட்டப்பட்ட இரண்டு மெல்லிய தகடுகள் ஒன்றையொன்று தாங்குவதால் முழுச் சுவரும் வளையாமல் நிற்கிறது. கூரையையும் காற்றையும் தாங்க அது போதும். ஆனால் ஒரே புள்ளியில் திருகாணியைப் பூட்டி இழுத்தால், அந்தப் புள்ளியில் இருப்பது மூன்று மில்லிமீற்றர் மாத்திரமே. சுவர் முழுதாகப் பலசாலி, துண்டு துண்டாகப் பலவீனன்.

மறுநாள் காலை மருமகனும் நானும் கணக்குப் பார்த்தோம். வண்டியின் வாசலருகே ஒட்டப்பட்டிருந்த அடையாளத் தாள்களில் விபரம் இருந்தது. வெறும் வண்டி 2,300 கிலோ. எல்லாம் ஏற்றிய பின்னர் 2,900 கிலோவைத் தாண்டக்கூடாது. ஆகவே ஏற்றக்கூடிய பாரம் 600 கிலோ. தண்ணீர்த் தாங்கியை நிரப்பினால் 150 லீற்றர், அது 150 கிலோ. மீதி 450 கிலோ. அதற்குள் ஆறு பேரின் உடுப்பு, படுக்கை, உணவு, சட்டி பானை, மடக்குக் கதிரைகள், பிள்ளைகளின் சைக்கிள்கள் எல்லாம் அடங்க வேண்டும்.

இனி ஒட்டுப்பலகை. எட்டடிக்கு நாலடி அளவுள்ள 12 மில்லிமீற்றர் பலகை ஒன்று ஏறத்தாழ 20 கிலோ. யன்னல்களையும் அலுமாரிகளையும் கழித்துப் பார்த்தாலும் பத்துப் பலகைகள் தேவைப்படும். 200 கிலோ. மீதி 250 கிலோ. இத்தனைக்கும் இன்னும் ஒரு சோற்றுப் பானையைக்கூட நாங்கள் வண்டியில் ஏற்றவில்லை.

பாரத்தின் அளவோடு அது உட்காரும் இடமும் முக்கியம். இத்தகைய ட்ரெயிலர் ஒன்றின் மொத்தப் பாரத்தில் 10 முதல் 15 சதவீதம் வரை அதன் முன்மூக்கு, இழுக்கும் வாகனத்தின் கொழுவியில் அழுத்த வேண்டும் என்பது விதி. குளியலறை இருக்கும் பின்பக்கத்தில் பாரத்தைக் கூட்டினால் மூக்கின் அழுத்தம் குறையும். குறைந்தால் நெடுஞ்சாலையில் வண்டி வாலாட்டத் தொடங்கும். வாலாட்டம் எல்லை மீறினால் இழுக்கும் வாகனத்தையும் சேர்த்துக் கவிழ்த்துவிடும். குளியலறையில் அம்மா விழாமல் இருக்கச் செய்யும் காரியம், முழுக் குடும்பத்தையும் வீதியில் விழுத்தக்கூடாது அல்லவா?

விற்பனை நிலையத்தாருக்கும் தொலைபேசினோம். தொலைக்காட்சிப் பெட்டி மாட்டுவதற்கென ஓரிடத்தில் மாத்திரம் உள்ளே தடித்த பலகை வைக்கப்பட்டிருக்கிறது என்றும், ஏனைய இடங்களில் பாரமான எதையும் மாட்ட வேண்டாம் என்றும் மரியாதையாகச் சொன்னார்கள். வெளிச்சுவரில் துளையிட்டால் உத்தரவாதம் பாதிக்கப்படலாம் என்றும் சொன்னார்கள். அதில் நியாயம் உண்டு. ஒட்டிய சுவருக்குள் தண்ணீர் புகுந்தால் பலகை ஊறி, பசை விட்டு, தகடு கொப்புளமாக எழும்பிவிடும். பிறகு அதைத் திருத்துவது பெரும் செலவு.

இத்தனையையும் கேட்ட பின்னரும் மருமகனின் மனம் ஆறவில்லை. பலகையை 6 மில்லிமீற்றராகக் குறைக்கலாமா, சைக்கிள்களை விட்டுவிட்டுப் போகலாமா என்று கணக்கைத் திருப்பித் திருப்பிப் போட்டான். ஒரு கட்டத்தில் பேனையை வைத்துவிட்டு, "மாமா, அண்டைக்கு வீட்டுக் குளியலறையிலை ஒரு பிடி இருந்திருந்தால் அம்மா விழுந்திருக்கமாட்டா. பூட்ட வேணும் பூட்ட வேணும் எண்டு ரெண்டு வருஷமாய் நினைச்சுக்கொண்டுதான் இருந்தனான்" என்றான்.

அப்போதுதான் அந்தப் பத்துப் பலகைகளின் உண்மையான பாரம் எனக்கு விளங்கியது. கனடாவில் எத்தனையோ பிள்ளைகள் இந்தப் பாரத்தைச் சுமந்துகொண்டு திரிகிறார்கள். இரண்டு வேலை, வீட்டுக் கடன், பனி கொட்டும் வீதியில் நீண்ட பயணம். இவற்றுக்கு நடுவில் செய்யத் தவறிய ஒரு சிறு காரியத்துக்கு ஈடாக, பின்னர் பத்து மடங்கு செய்ய முனைகிறார்கள்.

நான் பத்திரிகைத்துறைக்கு வந்த 1970 களில் ஈய எழுத்துகளைக் கையால் கோத்துப் பக்கம் கட்டுவார்கள். கட்டிய பக்கத்தை இரும்புச் சட்டம் ஒன்றுக்குள் வைத்துப் பூட்டுவார்கள். ஆயிரக்கணக்கான எழுத்துகளுள் ஒன்றைக்கூடப் பசை போட்டு ஒட்டுவதில்லை. விளிம்பில் செருகும் சில ஆப்புகளின் இறுக்கத்தில் முழுப்பக்கமும் நிற்கும். புதிதாக வேலைக்கு வந்த பையன்கள், எழுத்து உதிர்ந்துவிடுமோ என்ற பயத்தில் ஆப்புகளை அளவுக்கு மீறி முடுக்குவார்கள். உடனே பக்கத்தின் நடுப்பகுதி மேலெழும்பும். தூக்கினால் முழுவதும் கொட்டுண்டு போகும். எங்கள் அச்சுக்கூடத்து மூத்தவர் அவர்களை ஏச மாட்டார். ஆப்பை ஒரு சுற்றுத் தளர்த்திக் காட்டிவிட்டுப் போய்விடுவார்.

இந்தக் கதையை மருமகனிடம் சொன்னேன். சிரித்தான். ஆனால் பலகைக் கடையின் விலைப்பட்டியலை மூடவில்லை.

பிரச்சினையை முடித்து வைத்தவர் அக்காதான். மூன்று நாட்களாக நாங்கள் இருவரும் விவாதிப்பதைக் கேட்டுக்கொண்டிருந்தவர், கடைசியில் தேநீர்க் கோப்பையை வைத்துவிட்டுச் சொன்னார்: "எல்லாரும் சுவரைப் பற்றித்தான் கதைக்கிறியள். பிடிக்கப் போறவள் நான். என்னட்டை ஒருத்தரும் கேக்கேல்லை."

நாங்கள் மௌனமானோம்.

"சாவகச்சேரிக் கொட்டிலிலை இருக்கேக்கை கிடுகிலையே சாய்ஞ்சு எழும்பினனாங்கள்? கப்பைப் பிடிச்சுத்தானே எழும்பினனாங்கள். உதுக்குள்ளை கப்பு எங்கை நிக்குது எண்டு முதல் பாருங்கோ."

புலம்பெயர்ந்த நாடுகளில் பிறந்து வளர்ந்த வாசகர்களுக்காக ஒரு விளக்கம். கப்பு என்பது குடிசையின் நட்டுக் கால். கிடுகு என்பது பின்னிய தென்னோலை. 1995 ஒக்ரோபர் 30 ஆம் திகதி, யாழ்ப்பாண நகரத்து மக்களும் வலிகாமத்து மக்களும் இலட்சக்கணக்கில் தென்மராட்சியை நோக்கி நடந்த அந்த இரவில், அக்காவின் குடும்பமும் நடந்தது. சுண்ணாம்புக் கல்லால் கட்டிய ஒன்றரை அடித் தடிப்புச் சுவருள்ள வீட்டை விட்டுவிட்டுப் போய், சாவகச்சேரியில் யாரோ ஒருவரின் தென்னங்காணியில் கொட்டில் போட்டு அவர்கள் மாதக்கணக்கில் இருந்தார்கள். மருமகனுக்கு அப்போது 14 வயது. நான் கொழும்பில் ஆசிரியபீடத்தில் உட்கார்ந்து இடப்பெயர்வுச் செய்திகளுக்குத் தலைப்பு இட்டுக்கொண்டிருந்தேன். அக்கா எங்கே இருக்கிறார் என்ற செய்தி எனக்கு மூன்று கிழமைகளாகக் கிடைக்கவில்லை.

பின்னர் ஊருக்குத் திரும்பிப் பார்த்தபோது, ஒன்றரை அடிச் சுவரில் ஷெல் விழுந்து ஆள் நுழையும் அளவுக்கு ஓட்டை இருந்தது. கிடுகுக் கொட்டிலோ மாரி மழையையும் தாங்கி நின்றது. தடிப்பே பாதுகாப்பு என்ற நம்பிக்கை அக்காவிடம் அப்போதே போய்விட்டது. மகனிடம் போகவில்லை என்பதை நான் இப்போதுதான் கண்டேன்.

அடுத்த சனிக்கிழமை அக்காவையும் அழைத்துக்கொண்டு ட்ரெயிலருக்குப் போனோம். அவருடைய யோசனை எளிமையானது. "நான் வழமை போலை நடக்கிறன். என்ரை கை போற இடத்திலை பென்சிலாலை கீறுங்கோ" என்றார். வாசற்படி ஏறினார். மேசைக்குப் போனார். கட்டிலில் உட்கார்ந்து எழும்பினார். குளியலறைக்குள் போய் வந்தார். நாலைந்து தடவைகள் இப்படி நடந்தார். பேரப்பிள்ளைகள் இருவரும் பென்சிலோடு பின்னால் திரிந்தார்கள். கடைசியில் எண்ணிப் பார்த்தால், அவருடைய கை பாரத்தோடு ஊன்றிய இடங்கள் மூன்றே மூன்று: வாசல், கட்டிலின் விளிம்பு, மலசலகூடத்தின் பக்கச்சுவர். மற்றெல்லா இடங்களிலும் விரல்கள் தொட்டுச் சென்றன, அவ்வளவுதான்.

வாசலில் தொழிற்சாலையே பூட்டிய உறுதியான கைபிடி இருந்தது. கட்டிலருகே சுவரைத் தொடவே தேவையில்லை. கட்டிலின் அடிப்பெட்டி தரையோடு பூட்டப்பட்ட மரச்சட்டம். பிடிகம்பியை அதில் பொருத்தினால் பாரம் தரைக்குப் போகும். ஆக, பலப்படுத்த வேண்டியது ஒரேயொரு சுவர். அதுவும் நான் துவாய்க் கம்பியைப் பெயர்த்த அதே தடுப்புச் சுவர்.

இனிக் கப்பைத் தேட வேண்டும். சட்டம் இருக்கும் இடத்தைக் காட்டும் கருவி ஒன்றை மருமகன் வைத்திருந்தான். அதற்கு முன்னரே பேரன் ஒரு வேலை செய்தான். கொழும்பிலிருந்து நான் கொண்டுபோய்க் கொடுத்த, குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டும் யானைக் காந்தத்தைச் சுவரில் மெல்ல நகர்த்தினான். பலகையை மரச்சட்டத்தோடு இணைக்க அறைந்திருந்த இரும்புக் கவ்விகள் காந்தத்தை இழுத்தன. யானை நின்ற இடங்களில் பென்சிலால் புள்ளி வைத்தோம். புள்ளிகள் வரிசையாகி, உள்ளே நிற்கும் மூன்று சட்டங்களையும் காட்டிக்கொடுத்தன. வெளிச்சுவரில் இந்த வித்தை பலிக்காது. அங்கிருக்கும் அலுமினியத்தைக் காந்தம் அறியாது.

நான் செய்த துளையும் வீண்போகவில்லை. கைத்தொலைபேசியோடு இணைக்கும் நூல் போன்ற சிறு கமரா ஒன்றை அதன் வழியாக உள்ளே விட்டுப் பார்த்தோம். விளக்குக்குப் போகும் மின்கம்பி ஒன்று சட்டத்தை ஒட்டி மேலேறுவது தெரிந்தது. கீழே தண்ணீர்க் குழாய். இரண்டையும் பார்த்திராவிட்டால் துளைகருவி நேராக மின்கம்பியில் இறங்கியிருக்கும். வேலை தொடங்குமுன் வெளி மின்சாரத்தையும் மின்கலத்தையும் துண்டித்தோம்.

செய்த வேலை இவ்வளவுதான். 90 சென்றிமீற்றர் நீளமும் 30 சென்றிமீற்றர் அகலமும் உள்ள இரண்டு 12 மில்லிமீற்றர் பலகைகள். ஒன்றைக் குளியலறைப் பக்கமும் மற்றையதை மறுபக்கமும், சட்டங்களைத் தொட்டு நிற்குமாறு வைத்துப் பசையிட்டுத் திருகாணியால் பூட்டினோம். பிடிகம்பியின் போல்ட்டுகளை இந்தப் பக்கத்தில் செலுத்தி, இரு பலகைகளையும் ஊடுருவி, மறுபக்கத்தில் அகன்ற வட்டத் தகடு வைத்து முடுக்கினோம். போல்ட்டுகள் போகும் இடங்களில் வெற்றிடம் நசியாமல் இருக்க உள்ளே மரத்துண்டு வைத்தோம். வீதி அதிர்வில் தளராத நைலோன் வளையமுள்ள நட்டுகளையே பயன்படுத்தினோம். ஓடும் ட்ரெயிலருக்கு ஒவ்வொரு கிலோமீற்றரும் ஒரு சிறிய பூமியதிர்ச்சி என்பதை மறக்கக்கூடாது. ஈரம் புகாதபடி விளிம்புகளுக்கு வர்ணமும் சிலிக்கோனும் பூசினோம். எல்லாம் சேர்த்து 6 கிலோவுக்கும் குறைவு. 200 கிலோவில் ஆரம்பித்த விவாதம் 6 கிலோவில் முடிந்தது.

பொதுக் கட்டடங்களில் பூட்டப்படும் பிடிகம்பி 250 இறாத்தல், அதாவது ஏறத்தாழ 113 கிலோ விசையைத் தாங்க வேண்டும் என்பது அமெரிக்காவின் மாற்றுத்திறனாளர் அணுகல் விதி. ட்ரெயிலருக்கு அந்த விதி பொருந்தாது. எனினும் மருமகன் அதையே தன் அளவுகோலாக வைத்துக்கொண்டான். 88 கிலோ எடையுள்ள அவன், கம்பியைப் பிடித்து முழு உடம்பையும் தொங்கவிட்டுக் குலுக்கிப் பார்த்தான். சுவர் முனகவில்லை. பிறகு தாயைக் கூப்பிட்டான். அக்கா ஒரு தடவை பிடித்துப் பார்த்துவிட்டு, "இது கப்பு" என்றார்.

மீதிச் சுவர்களை அப்படியே விட்டோம். அத்தானின் படத்தைக் கண்ணாடியில்லாத இலேசான சட்டத்தில் போட்டு, ஒட்டு நாடாவால் ஒட்டினோம். எனக்கொரு புத்தகத் தட்டு வேண்டும் என்று நான் முதலில் கேட்டிருந்தேன். புத்தகங்கள் தரையில் ஒரு பெட்டிக்குள் போயின. பாரமானவை கீழே இருப்பதே வண்டிக்கு நல்லது.

ஓகஸ்ட் மாதத்தில் அல்கொன்குயின் பூங்காவுக்குப் புறப்பட்டோம். 1893 இல் அமைக்கப்பட்ட, ஒன்ராறியோவின் முதலாவது மாகாணப் பூங்கா அது. 300 கிலோமீற்றருக்குச் சற்றுக் குறைவான பயணம். முதல் 50 கிலோமீற்றரில் ஒரு தடவையும், போய்ச் சேர்ந்த பின்னர் ஒரு தடவையும் மருமகன் போல்ட்டுகளைச் சோதித்தான். ஒன்றும் தளரவில்லை. மியூ ஏரிக்கரையில் வண்டியை நிறுத்தினோம்.

அன்று நடுச்சாமத்தில் எனக்கு விழிப்பு வந்தது. ஏரியில் லூன் பறவை கூவிக்கொண்டிருந்தது. அக்கா எழுந்து இருட்டில் நடக்கும் காலடி கேட்டது. குளியலறைக் கதவு திறந்தது. பிறகு கம்பியில் அவருடைய வளையல் முட்டும் சத்தம். எதிர்ப்பக்கத்துக் கட்டிலில் மருமகனும் விழித்துக்கொண்டு கிடக்கிறான் என்பது அவனுடைய மூச்சில் தெரிந்தது. அக்கா திரும்பி வந்து படுக்கும்வரை நாங்கள் இருவரும் அசையவில்லை. சற்று நேரத்தில் மருமகனின் குறட்டை ஆரம்பித்தது. அதற்குப் பின்னர்தான் எனக்கு நித்திரை போய்விட்டது.

புது ட்ரெயிலர் வாங்கிச் சுவர்களைப் பலப்படுத்துவதா விடுவதா என்று யோசிக்கும் அன்பர்கள் இதை வாசிக்கக்கூடும். இன்னும் வாங்காதவர்கள், எங்கெங்கே தடித்த பலகை வேண்டும் என்பதைக் கட்டும்போதே சொல்ல முடியுமா என்று கேளுங்கள். அதுவே சுலபமான வழி. வாங்கிவிட்டவர்கள், பலகைக் கடைக்குப் போகுமுன் வீட்டிலுள்ள மூத்தவரை ஒரு தடவை உள்ளே நடக்கவிட்டு, அவருடைய கை போகும் இடத்தைப் பாருங்கள்.

இன்னொன்று. ஸ்காபரோ வீட்டுக் குளியலறையில் இரண்டு வருடங்களாகப் பூட்டப்படாமல் இருந்த பிடிகம்பியை, நான் விமானம் ஏறுவதற்கு முதல் நாள் மருமகன் பூட்டினான். அதற்கு இருபது நிமிடங்கள் எடுத்தன.